குறட்டை சத்தத்தை விடுங்க, நடுவுல வர்ற அமைதியைக் கவனிங்க

குறட்டை விடுறவங்களுக்குப் பக்கத்துல படுக்குறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, சத்தத்தைப் பத்தி அரை மணி நேரம் புலம்புவாங்க, புலம்பி முடிக்கிறப்போ போற போக்குல இன்னொண்ணும் சொல்வாங்க. "நல்லா சத்தமா போயிட்டே இருக்கும், திடீர்னு நின்னுடும், மூச்சு விடுறாரா இல்லையான்னே தெரியாது, பயந்துபோய் தோளைத் தட்டலாம்னு கையைத் தூக்குறதுக்குள்ள ஒரு பெரிய மூச்சு இழுத்துட்டு மறுபடி ஆரம்பிச்சுடுவாரு." டாக்டருக்கு வேண்டிய தகவல் முழுக்க இந்தக் கடைசி வரிலதான் இருக்கு. சத்தம் பக்கத்துல படுக்குறவங்களுக்குத் தொல்லை, நடுவுல வர்ற அந்த நிறுத்தம் தூங்குறவருக்கே ஆபத்து. அதுக்குப் பேரு அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா. சுருக்கமா ஆப்னியான்னே வச்சுக்குவோம்.

தொண்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு முதல்ல பாத்துடலாம், இது புரிஞ்சா பின்னாடி வர்ற சிகிச்சை எல்லாம் தானா புரிஞ்சுடும். மூக்குலேர்ந்து நுரையீரலுக்குப் போற காத்துப் பாதைல, மேலண்ணத்துக்குப் பின்னாடிலேர்ந்து நாக்கோட அடிப்பகுதி தாண்டி குரல்வளை வரைக்கும் இருக்குற துண்டு இருக்கே, அதைச் சுத்தி விறைப்பா தாங்கிப் பிடிக்கிற எலும்புக் கூடு எதுவும் கிடையாது, தசைங்கதான் அதைத் திறந்து வச்சிருக்கு. முழிச்சிருக்கும்போது மூளை அந்தத் தசைகளுக்கு விடாம உத்தரவு குடுத்துட்டே இருக்கும். தூங்கினா அந்த உத்தரவு குறைஞ்சு தசை தளருது, நாக்கு பின்னாடி சரியுது, பாதை சுருங்குது. காபிக் கடைல குடுக்குற பேப்பர் ஸ்ட்ரா ஊறிப் போனப்புறம் வேகமா உறிஞ்சினா ரெண்டு பக்கமும் உள்ள ஒட்டிக்கும் பாத்திருப்பீங்க, எவ்வளவு பலமா இழுக்குறீங்களோ அவ்வளவு இறுக்கமா ஒட்டும், தொண்டையும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

பாதி சுருங்கின பாதைல காத்து வேகமா போறப்ப மேலண்ணத்தோட மெத்துன்னு இருக்குற பகுதியும் உள்நாக்கும் படபடன்னு அதிரும், அதுதான் குறட்டை. முழுசா ஒட்டிக்கிட்டா காத்தே போகாது, சத்தமும் இருக்காது. இதுல பாக்குறவங்களை ஏமாத்துற விஷயம் ஒண்ணு இருக்கு, அந்த நேரத்துலயும் நெஞ்சும் வயிறும் அசைஞ்சுட்டுதான் இருக்கும், ஏன்னா உடம்பு மூச்சு இழுக்க முயற்சி பண்ணிட்டே இருக்கு, ஆனா உள்ள எதுவும் போகல. ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கும், கார்பன் டை ஆக்சைடு ஏறும், ஒரு கட்டத்துல மூளை அலாரம் அடிச்சு சில நொடிக்கு மட்டும் தூக்கத்தைக் கலைக்கும், தசை இறுகும், பாதை திறக்கும், ஒரு பெரிய மூச்சு, உடனே திரும்பத் தூக்கம். காலைல எழுந்தா இதுல ஒண்ணுகூட ஞாபகம் இருக்காது. அதனாலதான் "ராத்திரி எப்படித் தூங்கினீங்க"ன்னு கேட்டா "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்"னு உண்மையாவே நம்பிச் சொல்வாங்க.

மூச்சு குறைஞ்சது 10 நொடி நின்னாதான் ஒரு ஆப்னியான்னு கணக்கு. முழுசா நிக்காம ஓரளவு குறைஞ்சு ஆக்சிஜன் இறங்கினாலோ தூக்கம் கலைஞ்சாலோ அதையும் சேத்து எண்ணுவாங்க. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவைங்கிறதுதான் ஏஹெச்ஐ. 5க்குக் கீழ இருந்தா பரவால்ல, 5லேர்ந்து 15 வரைக்கும் லேசானது, 15லேர்ந்து 30 மிதமானது, 30க்கு மேல போனா கடுமையானது. 30ன்னா என்ன அர்த்தம்னு கொஞ்சம் யோசிங்க, ராத்திரி முழுக்க ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா யாரோ உங்க தொண்டையை அமுக்கி விடுற கணக்கு, இதுல 60, 70ன்னு ரிப்போர்ட் வாங்குறவங்களும் சாதாரணமா வேலைக்குப் போயிட்டுதான் இருக்காங்க. கனவு வர்ற தூக்கத்துல தசை இன்னும் அதிகமா தளர்றதால விடியக்காலை நேரத்துலதான் இது மோசமாகும், அந்த நேரத்துல பக்கத்துல இருக்குறவங்களும் அசந்து தூங்கிட்டு இருப்பாங்க. மூளையே மூச்சு விடச் சொல்ல மறந்துடுற இன்னொரு வகையும் இருக்கு, அது இதய பலவீனம் இருக்குறவங்களுக்கும் சில பலமான வலி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் வரும், அதைப் பத்தி இங்க பேசப் போறதில்ல.

உடனே பயந்துடாதீங்க, குறட்டை விடுறவங்க எல்லாருக்கும் ஆப்னியா கிடையாது. ஜலதோஷம், அலைச்சல், ராத்திரி ரெண்டு பீர், மல்லாந்து படுத்தது, இதுலெல்லாம் யாருக்கும் குறட்டை வரும். ஆனா தினமும் வருது, கதவை மூடினாலும் ஹால்ல கேக்குது, நடுவுல நின்னு நின்னு வருதுன்னா அது வேற கதை. சத்தமே பெருசா இல்லாம ஆப்னியா இருக்குறவங்களும் உண்டு, முக்கியமா பெண்கள்ல.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். சிங்கப்பூர்ல சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரையும் சேத்துப் பண்ணி 2016ல வெளியான ஒரு ஆய்வுல பெரியவங்கள்ல சுமார் 30 விழுக்காட்டினருக்கு மிதமான அல்லது கடுமையான அளவுல இது இருக்குன்னு வந்துச்சு. அதாவது 10 பேர்ல 3 பேர். அதைவிட அடிவயித்தைக் கலக்குற விஷயம், அப்படி இருந்தவங்கள்ல 10ல 9 பேருக்கு அது தனக்கு இருக்குன்னே அதுவரைக்கும் தெரியாது. இங்க அரசாங்க பாலிகிளினிக் இல்லாத வட்டாரமா, பஸ்ல ஏறினா ஆஸ்பத்திரி, சுகர் டெஸ்ட்டுக்கும் கொழுப்பு டெஸ்ட்டுக்கும் லெட்டர் வீட்டுக்கே வருது, அப்புறம் எப்படி இவ்வளவு பேருக்குத் தெரியாம இருக்கும்?

என்னைக் கேட்டா காரணம் ரொம்ப சிம்பிள். இந்த ஊர்ல எல்லாருக்கும் தூக்கம் வருது. காலைல எம்ஆர்டில உக்காந்திருக்குறவங்கள்ல பாதிப் பேரு தலையைத் தொங்கப் போட்டுத் தூங்குறாங்க, மிச்சப் பேரு நின்னுக்கிட்டே கம்பியைப் பிடிச்சுத் தூங்குறாங்க, மத்தியானம் நாசி பிரியாணி சாப்பிட்டு மீட்டிங்ல கண்ணு சொருகுனா பக்கத்துல இருக்குறவரு சிரிச்சுட்டு சர்க்கரை, பால் இல்லாத ஒரு கோப்பி ஓ காசோங் வாங்கிக் குடுப்பாரு. ஷிப்ட் வேலை, ஓவர்டைம், பிள்ளைங்களோட பிஎஸ்எல்இ பரீட்சை, ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன், இத்தனைக்கும் நடுவுல ஒருத்தருக்கு வியாதியால தூக்கம் வருதுன்னா அதை யாரு தனியாக் கண்டுபிடிக்கிறது? "வேலை அலுப்பு லா"ன்னு முடிஞ்சுடும். கூடவே நம்ம வீடுகள்ல ஒரு பழைய நம்பிக்கை, குறட்டை விட்டுத் தூங்கினா நிம்மதியாத் தூங்குறாருன்னு. கும்பகர்ணன்னு கிண்டல் பண்ணிட்டு விட்டுடுவோம். கும்பகர்ணனாவது எழுந்தா தெம்பா சண்டைக்குப் போனான், நம்மாளு எழுந்தவுடனே திரும்பப் படுக்க எடம் தேடுவாரு.

வேலை அலுப்பையும் இதையும் பிரிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கு. தூக்கம் பத்தாம அலுப்பா இருக்குறவங்க லீவுல நாலஞ்சு நாள் 8 மணி நேரம் தூங்கினா தேறிடுவாங்க. ஆப்னியா இருக்குறவங்க 9 மணி நேரம் படுத்தாலும் எழுந்திருக்கும்போது தலை பாரமா, வாய் வறண்டு, எரிச்சலாத்தான் இருப்பாங்க. ராத்திரி ரெண்டு மூணு தடவை பாத்ரூம் போறதும் ஒரு அறிகுறி, இதை வயசாச்சு, சுகர் இருக்கு, ப்ராஸ்டேட்னு நினைச்சுடுவாங்க, ஆனா தொண்டை அடைச்ச நிலைல நெஞ்சுக்குள்ள வர்ற அழுத்த மாத்தத்துல இதயம் ஒரு ஹார்மோனைச் சுரந்து சிறுநீரைக் கூட்டிவிடும், அதனாலயும் வரும். மறதி, வேலைல கவனம் சிதர்றது, தாம்பத்யத்துல நாட்டம் குறையுறது, இதெல்லாம்கூட லிஸ்ட்ல உண்டு, வெளில சொல்ல மாட்டாங்க அவ்வளவுதான்.

"நான் ஒல்லிதானே, எனக்கு எப்படி வரும்"னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு. எடை கூடுறது பெரிய காரணம்தான், கழுத்தைச் சுத்தியும் நாக்குலயும்கூட கொழுப்பு சேரும். ஆனா ஆசிய முகங்கள்ல தாடை கொஞ்சம் சின்னதா, பின்னாடி தள்ளி இருக்குறவங்க நிறைய, அவங்களுக்குக் குறைஞ்ச எடையிலேயே பாதை அடைச்சுக்கும். நம்ம இந்தியர்களுக்கோ கை கால் ஒல்லியா இருந்தாலும் வயித்துல தொப்பை வந்துடும். அதனாலதான் இங்க பிஎம்ஐ, அதாவது உயரத்தை வச்சு எடையைப் பாக்குற கணக்கு, 23 தாண்டினாலே எச்சரிக்கை, 27.5 தாண்டினா அதிக ஆபத்துன்னு வச்சிருக்காங்க, மேல்நாட்டுக் கணக்கான 25, 30 நமக்குச் சரிப்படாது.

பெண்கள் விஷயத்துல இன்னும் அநியாயம். மாதவிடாய் நின்னப்புறம் அவங்களுக்கு ஆப்னியா வர்ற வாய்ப்பு நல்லாவே கூடிடும், ஆனா அவங்க டாக்டர்கிட்ட போறப்ப குறட்டைன்னு சொல்ல மாட்டாங்க, தூக்கம் வரல, தலைவலி, உடம்பு அசதி, மனசு சரியில்லன்னுதான் சொல்வாங்க, டாக்டரும் மனஅழுத்தம்னு மாத்திரை எழுதிடுவாரு. குறட்டை விடுறதை ஒத்துக்கவே வெக்கம், வீட்டுக்காரருக்கோ அவரு விடுற குறட்டைல சம்சாரம் விடுறது கேட்டாத்தானே. கர்ப்ப காலத்துல புதுசா குறட்டை ஆரம்பிச்சு கூடவே பிபியும் ஏறுதுன்னா அதையும் மகப்பேறு டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும்.

பிள்ளைங்க குறட்டை விட்டா "அப்பா மாதிரியே"ன்னு ரசிக்காதீங்க. பெரும்பாலும் டான்சில், மூக்குக்குப் பின்னாடி இருக்குற அடினாய்டு சதை, இது ரெண்டும் பெருத்திருக்கும். பெரியவங்க மாதிரி பிள்ளைங்க தூங்கி வழிய மாட்டாங்க, அதுக்கு நேர்மாறா ஓடி ஆடி அடங்காம இருப்பாங்க, கிளாஸ்ல கவனம் இருக்காது, டீச்சர் வேற ஏதோ கோளாறுன்னு நினைப்பாங்க. சதையை எடுத்துட்டா நிறைய பிள்ளைங்களுக்குச் சரியாயிடும். கேகே ஆஸ்பத்திரில இதுக்குன்னே பிள்ளைங்களைப் பாக்குறாங்க.

சரி, மூச்சு நின்னு நின்னு வந்தா உடம்புக்கு என்னதான் ஆகும்? ஒவ்வொரு தடவை மூளை அலாரம் அடிக்கிறப்பவும் அட்ரினலின் பாய்ஞ்சு நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் குப்புன்னு ஏறும். ராத்திரில பிபி இறங்கி ரத்தக் குழாய்க்கு ஓய்வு கிடைக்கணும், அந்த ஓய்வே கிடைக்காது, நாளடைவுல பகல்லயும் பிபி ஏறின எடத்துலயே நின்னுடும். மூணு மாத்திரை போட்டும் பிபி அடங்கலன்னா டாக்டர்கள் முதல்ல சந்தேகப்படுறதுல ஆப்னியாவும் ஒண்ணு. இதயத் துடிப்பு தாறுமாறா ஆகுற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், பக்கவாதம், ரெண்டாம் வகை சர்க்கரை, எல்லாத்தோடயும் இதுக்குத் தொடர்பு இருக்கு. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல வருஷக் கணக்கா ஆட்களைப் பின்தொடர்ந்து 2008ல சொன்ன முடிவு, கடுமையான ஆப்னியா இருந்தவங்க இறந்துபோற அபாயம் இல்லாதவங்களைவிட சுமார் 3 மடங்கு.

இதுக்கு முக்கிய சிகிச்சை, ராத்திரி மாஸ்க் மாட்டி மூக்கு வழியா காத்தைத் தள்ளுற சிபாப்ங்கிற மெஷின், பின்னாடி விவரமா வரும். இங்க நேர்மையா ஒண்ணு சொல்லிடணும், அந்த மெஷின் விக்கிறவங்க சொல்ல மாட்டாங்க. சிகிச்சை எடுத்தா மாரடைப்பும் பக்கவாதமும் குறையுமான்னு 2,700க்கும் மேற்பட்ட இதய நோயாளிகளை வச்சு நடத்தின சேவ் ஆய்வு 2016ல வந்துச்சு, அதுல அப்படிக் குறைஞ்சதா நிரூபிக்க முடியல. ஆனா அதுல கலந்துக்கிட்டவங்க மெஷினை ராத்திரிக்குச் சராசரியா 3.3 மணி நேரம்தான் போட்டிருந்தாங்க. அதனால இன்னைக்கும் டாக்டர்களுக்குள்ள வாதம் ஓடுது. பகல் தூக்கம் குறையுறது, பிபி ஓரளவு இறங்குறது, மனுஷன் மனுஷனா நடமாடுறது, இதுல யாருக்கும் சந்தேகம் இல்ல.

எனக்கு இதய நோயைவிட உடனடிப் பயம் ரோட்டுலதான். சிகிச்சை எடுக்காத ஆப்னியாக்காரங்க விபத்துல மாட்டுற வாய்ப்பு மத்தவங்களைவிட ரெண்டு மடங்குக்கு மேலன்னு பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்ததுல தெரிஞ்சிருக்கு. இந்த ஊர்ல டாக்ஸி, கிராப், பஸ், லாரி ஓட்டுற நம்மாளுங்க எத்தனை பேரு! நாள் முழுக்க உக்காந்த வேலை, நேரங்கெட்ட நேரத்துல புரோட்டாவும் தே தாரிக்கும், தொப்பை, அதுக்கு மேல ராத்திரி ஷிப்ட், ஆப்னியாவுக்கு இதைவிடப் பொருத்தமான வாழ்க்கை வேற கிடையாது. சிவப்பு விளக்குல நிக்கும்போது கண்ணு மூடுது, பின்னாடி ஹாரன் அடிச்சாதான் முழிக்கிறீங்கன்னா, அண்ணே, அது கோப்பி குடிச்சு சமாளிக்கிற விஷயமே இல்ல. தங்குவிடுதில ஒரே ரூம்ல பலபேரு படுக்குற தொழிலாளர் தம்பிங்களுக்கோ வேற கஷ்டம், குறட்டை விட்டா ரூம் மாத்தச் சொல்லிச் சண்டை, அவனும் அவமானத்துல எல்லாரும் தூங்கினப்புறம் தூங்கலாம்னு முழிச்சுக் கிடந்து மறுநாள் உயரத்துல ஏறி வேலை பாப்பான். ஆனா அந்த ரூம்ல ஒரு நல்லதும் இருக்கு, மூச்சு நிக்கிறதைப் பாத்துச் சொல்றதுக்கு அத்தனை சாட்சி. தேசிய சேவைல பங்க்மேட் சொல்லித்தான் தெரிஞ்சுதுன்னு சொல்ற பசங்களும் உண்டு.

சந்தேகம் வந்தா என்ன பண்றது? கனடாவுல டொரான்டோ டாக்டர் ஃபிரான்சஸ் சங் குழு 2008ல வெளியிட்ட ஸ்டாப்-பேங்னு 8 கேள்வி இருக்கு, ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க மருந்து டாக்டர்கள் கேக்குறதுக்காக வந்தது, இப்ப எல்லா இடத்துலயும் ஓடுது. சத்தமான குறட்டை, பகல் அசதி, மூச்சு நிக்கிறதை யாராவது பாத்திருக்காங்களா, பிபி, பிஎம்ஐ 35க்கு மேல, வயசு 50க்கு மேல, கழுத்துச் சுத்தளவு 40 சென்டிமீட்டருக்கு மேல, அதாவது சட்டைக் காலர் கிட்டத்தட்ட 16 இன்ச், கடைசியா ஆம்பளையா. 3 ஆமா வந்தா ஓரளவு சந்தேகம், 5 வந்தா பலமான சந்தேகம். பிஎம்ஐ கேள்வி நமக்குக் கொஞ்சம் தாராளமாத்தான் இருக்கு, 30லயே கவலைப்படலாம்.

அதை எழுதி எடுத்துட்டு பாலிகிளினிக்கோ, ஹெல்தியர் எஸ்ஜிங்கிற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்துல நீங்க பதிஞ்ச குடும்ப டாக்டர்கிட்டயோ போங்க. பாலிகிளினிக் ரெஃபரல் வழியா போனா ஸ்பெஷலிஸ்ட் கட்டணத்துல மானியம் கிடைக்கும், காத்திருக்கணும், அது வேற விஷயம். எஸ்ஜிஹெச், என்யுஹெச், சாங்கி, டான் டோக் செங், கூ டெக் புவாட்னு அரசாங்க ஆஸ்பத்திரிங்க எல்லாத்துலயும் இதைப் பாக்குறாங்க, சில இடத்துல நுரையீரல் டாக்டர் பாப்பாரு, சில இடத்துல காது மூக்கு தொண்டை டாக்டர் பாப்பாரு. முடிஞ்சா பக்கத்துல படுக்குறவங்களையும் கூட்டிட்டுப் போங்க, இல்லன்னா மூச்சு நின்னு வர்றதை அவங்க போன்ல ரெண்டு நிமிஷம் வீடியோ எடுத்துக் குடுக்கட்டும், நீங்க பத்து நிமிஷம் பேசுறதைவிட அந்த வீடியோ அதிகம் பேசும்.

டாக்டர் ஸ்லீப் ஸ்டடிங்கிற தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் குடுப்பாரு, அதுல தலைல, கண்ணோரத்துல, தாடைல, கால்ல எல்லாம் ஒயர் ஒட்டி, மூக்குல சின்ன ட்யூப், நெஞ்சுலயும் வயித்துலயும் பெல்ட், விரல்ல ஆக்சிஜன் கிளிப், இத்தனையோட ஆஸ்பத்திரில ஒரு ராத்திரி தூங்கணும். இப்படிக் கட்டி வச்சா யாரு தூங்குவான்னு எல்லாரும் கேப்பாங்க, ஆனா முடிவு எடுக்குற அளவுக்குத் தூங்கிடுவாங்க. பலமான சந்தேகம் இருந்து வேற பெரிய நோய் இல்லன்னா வீட்டுக்கே சின்ன கருவி குடுத்து அனுப்புவாங்க, சௌகரியம்தான், ஆனா அதுல பல கருவி நீங்க எப்பத் தூங்கினீங்கன்னு அளக்காது, முழிச்சுக் கிடந்த நேரத்தையும் சேத்து வகுக்கிறதால எண்ணிக்கை குறைச்சலா காட்டும், அதனால வீட்டு டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு வந்தும் அறிகுறி இருந்தா ஆஸ்பத்திரி டெஸ்ட் கேளுங்க. இப்ப சாம்சங், ஆப்பிள் வாட்ச்லயும் ஆப்னியா எச்சரிக்கை வந்துடுச்சு, அமெரிக்காவுல ரெண்டுக்கும் 2024ல அனுமதி கிடைச்சுது, வாட்ச் எச்சரிச்சா டாக்டர்கிட்ட போங்க, எச்சரிக்கலன்னா ஒண்ணுமில்லன்னு நினைச்சுடாதீங்க. செலவு எவ்வளவு, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு, இன்சூரன்ஸ் எதுல எவ்வளவு எடுக்கலாம்னு டெஸ்ட்டுக்கு நாள் குறிக்கும்போதே கவுன்டர்ல கேட்டுடுங்க, டெஸ்ட்டுக்கு ஒரு விதி, மெஷினுக்கு ஒரு விதி, ஆபரேஷனுக்கு ஒரு விதின்னு இருக்கும்.

சிகிச்சைன்னு வந்தா மிதமான, கடுமையான ஆப்னியாவுக்கு முதல் இடம் சிபாப் மெஷினுக்குத்தான். 1980க்கு முன்னாடி கடுமையா இருந்தவங்களுக்கு ஒரே வழி கழுத்துல ஓட்டை போட்டு மூச்சு விட வைக்கிறது. ஆஸ்திரேலியாவுல சிட்னி ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் ஆஸ்பத்திரில காலின் சல்லிவன்ங்கிற டாக்டர் வேக்யூம் கிளீனர் மோட்டாரை வச்சு மூக்கு வழியா காத்தைத் தள்ளிப் பாத்தாரு, உள்ளேர்ந்து காத்து அழுத்துறதால தொண்டை ஒட்டிக்காம திறந்தே நின்னுச்சு, 1981ல 5 நோயாளிங்க கதையை லான்செட் மருத்துவ இதழ்ல எழுதினாரு. அந்தக் காலத்துல மாஸ்க்கை ஒவ்வொரு ராத்திரியும் பசை போட்டு மூஞ்சில ஒட்டிக்கணுமாம். இப்ப வர்ற மெஷின் டிபன் டப்பா சைஸ்ல இருக்கு, சத்தம் ரொம்பக் கம்மி, பல மெஷின் அழுத்தத்தையும் தானே கூட்டிக் குறைச்சுக்கும்.

மெஷின் வேலை செய்யும், மனுஷன்தான் ஒத்துழைக்க மாட்டான், பிரச்சனை அங்கதான். வாங்கி ஒரு வாரம் போட்டுட்டு கட்டிலுக்கு அடியில தள்ளிடுறாங்க. ஆயிரம் வெள்ளிக்கு மேல குடுத்து வாங்கின சாமான், அதனால வாங்குறதுக்கு முன்னாடி வாடகைக்கோ ட்ரையலுக்கோ எடுத்துப் பாருங்க. மாஸ்க் சரியா உக்கார்றதுதான் பாதி வெற்றி. மீசைக்காரங்களுக்கு மூக்கை முழுசா மூடுற மாஸ்க்ல ஓரத்துல காத்துக் கசியும், மூக்குத் துவாரத்துல மட்டும் உக்கார்ற சின்ன வகையைக் கேளுங்க, மீசையை எடுக்க வேணாம். மூச்சு முட்டுற மாதிரி பயமா இருந்தா பகல்ல டிவி பாக்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழகுங்க. வாய் வறண்டா ஹியூமிடிஃபையர் வேணும், ஆனா ஏர்கானை 20ல வச்சுத் தூங்குற வீட்டுல ட்யூப்புக்குள்ள தண்ணி கோத்துக்கிட்டு மூஞ்சில சொட்டும், அப்ப சூடாகுற ட்யூப் வாங்கலாம், இல்ல ஏர்கானைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாம், கரண்ட் பில்லுக்கும் நல்லது. ராத்திரிக்கு 4 மணி நேரம்ங்கிறது குறைஞ்சபட்சக் கணக்கு, முழு ராத்திரியும் போட்டாதான் விடியக்காலை ஆப்னியாவையும் பிடிக்கும். ஆன்லைன்ல பழைய மெஷின் மலிவா வருதேன்னு வாங்காதீங்க, 2021 ஜூன்ல உள்ள இருக்குற நுரைப் பஞ்சு சிதைஞ்சு மூச்சோட போகுதுன்னு ஃபிலிப்ஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான மெஷினைத் திரும்ப வாங்க வேண்டி வந்துச்சு, பழசுல எது எங்கேர்ந்து வருதுன்னு யாருக்குத் தெரியும்.

மெஷின் ஒத்துவரலன்னா, லேசான, மிதமான அளவுல இருக்குறவங்களுக்குப் பல் டாக்டர் அளவெடுத்துச் செய்யுற வாய்க் கருவி நல்ல மாற்று. கீழ்த்தாடையை முன்னாடி இழுத்துப் பிடிக்கும், நாக்கும் கூடவே முன்னாடி வரும். முதல்ல தாடை வலிக்கும், எச்சில் ஊறும், வருஷக்கணக்குல பல் வரிசை லேசா நகரவும் செய்யும். கருவி போட்டப்புறம் அதோடயே இன்னொரு ஸ்லீப் ஸ்டடி செஞ்சு எண்ணிக்கை குறைஞ்சுதான்னு பாக்கணும், இதைப் பலபேரு விட்டுடுறாங்க. சத்தம் குறைஞ்சா நோய் குறைஞ்சுதுன்னு அர்த்தம் கிடையாது, மேலண்ணத்தை மட்டும் லேசர்ல இறுக்கிக் குறட்டையை நிறுத்திட்டு உள்ள ஆப்னியா சத்தமில்லாம ஓடிட்டு இருக்குற ஆளுங்க உண்டு.

ஆபரேஷன் யாருக்குங்கிறது தொண்டையோட அமைப்பைப் பொறுத்தது. டான்சில் பெருசா இருந்தா பலன் நல்லா இருக்கும். மேலண்ண ஆபரேஷன்ல ரெண்டு வாரம் எச்சில் முழுங்கவே உயிர் போகும், எல்லாருக்கும் பலனும் கிடைக்காது. மேல்தாடை, கீழ்தாடை ரெண்டையும் வெட்டி முன்னாடி நகர்த்துறது பெரிய ஆபரேஷன், ஆனா சரியான ஆளுக்குப் பண்ணா ஆபரேஷன்கள்லயே நல்லா வேலை செய்யுறது அதுதான். நாக்கை அசைக்கிற நரம்புக்கு மின்சாரம் குடுக்குற கருவியை நெஞ்சுத் தோலுக்கு அடியில வைக்கிற முறைக்கு 2014ல அமெரிக்கா அனுமதி குடுத்துச்சு, விலைதான் மலைக்க வைக்கும். மூக்கு ஆபரேஷன் மட்டும் பண்ணா ஆப்னியா போகாது. ஆனா மூக்கடைப்பு இருக்குறவங்க அதைக் கவனிக்கணும், இந்த ஊர் ஈரத்துல மெத்தையில வாழுற தூசிப் பூச்சிதான் பெரும்பாலும் அலர்ஜிக்குக் காரணம், அதுக்கு ஸ்ப்ரே அடிச்சு மூக்கு திறந்தாதான் சிபாப்பும் நிம்மதியா போட முடியும்.

எடை குறைக்கிறது யாருக்கும் பிடிக்காத பதில், ஆனா அதே விஸ்கான்சின் ஆட்கள்ல 10 விழுக்காடு எடை குறைஞ்சவங்களுக்கு ஏஹெச்ஐ கால்வாசி இறங்குச்சு, 10 விழுக்காடு ஏறினவங்களுக்கு மூணுல ஒரு பங்கு ஏறுச்சு. இப்ப ஊசியும் வந்தாச்சு, டிர்செபடைட்னு வாரம் ஒருக்கா போடுறது, உடல் பருமனோட மிதமான, கடுமையான ஆப்னியா இருக்குறவங்களுக்காக அமெரிக்கா 2024 டிசம்பர்ல அனுமதிச்சுது, ஒரு வருஷ ஆய்வுல மணிக்கு 25லேர்ந்து 29 தடவை வரைக்கும் குறைஞ்சுது. குமட்டல், வாந்தி உண்டு, நிறுத்தினா எடை திரும்பும், டாக்டர் இல்லாம தொடாதீங்க. படுக்குற நேரத்துல சாராயமும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசையை இன்னும் தளர வைக்கும், அதை நிறுத்துறது இலவசம். மல்லாந்து படுத்தா மட்டும் வர்றவங்களுக்கு ஒருக்களிச்சுப் படுக்கப் பழகுறதே பாதி மருந்து.

வீட்டு வைத்தியம்னு மூக்குல நெய், எண்ணெய் விடுறதைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை, அதை விட்டுடுங்க, தொடர்ந்து விட்டா எண்ணெய் நுரையீரலுக்குள்ள இறங்கி ஒருவித நிமோனியா வரலாம். வாய்க்கு டேப் ஒட்டிக்கிற டிக்டாக் வைத்தியமும் மூக்கடைப்புக்காரங்களுக்கு விபரீதம். ஏலக்காய்ப் பாலு, தேன், குடிச்சா குடிங்க, சுகர் இல்லாத வரைக்கும். தொண்டைக்குப் பயிற்சிங்கிறது மட்டும் பொய் கிடையாது, நாக்கு, மேலண்ணத் தசைக்கு முறையாப் பயிற்சி குடுத்தா ஓரளவு குறையுது. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களோட டிட்ஜெரிடூங்கிற நீளமான குழல் வாத்தியத்தை 4 மாசம் வாசிச்சவங்களுக்கு ஆப்னியா குறைஞ்சதா சுவிட்சர்லாந்து ஆய்வு ஒண்ணு 2006ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்து, சிரிக்க வச்சு யோசிக்க வைக்கிற இக்நோபல் பரிசும் 2017ல வாங்குச்சு. 25 பேரை மட்டும் வச்சுப் பண்ணது, ரொம்ப நம்பிடவும் வேணாம். சிராங்கூன் ரோடு கோயில்ல நாதஸ்வரம் வாசிக்கிற அண்ணன்மார்களை வச்சு யாராவது ஒண்ணு பண்ணிப் பாத்தா நல்லா இருக்கும்.

மெஷின் போடுறவங்க இந்தியாவுல இருக்குற ஊருக்குப் போறப்ப அதைச் செக்-இன் பெட்டியில போடாதீங்க, கையோட எடுத்துட்டுப் போங்க, பெரும்பாலான விமான நிறுவனங்க மருத்துவக் கருவின்னு தனியா அனுமதிக்கும், டாக்டர் லெட்டர் ஒண்ணு வச்சுக்கிட்டு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுடுங்க. நம்ம மூணு பின் ப்ளக் அங்க நுழையாது, அடாப்டர் வேணும். கிராமத்துல கரண்ட் போகும்னா அதுக்குன்னே பேட்டரி விக்குது, ஹியூமிடிஃபையரை அணைச்சுட்டுப் போட்டா ஒரு ராத்திரிக்குத் தாங்கும். ஊர்ல ஏதாவது ஆபரேஷன் பண்ற மாதிரி வந்தா மயக்க மருந்து குடுக்குற டாக்டர்கிட்ட ஆப்னியா இருக்குன்னு கண்டிப்பா சொல்லி மெஷினையும் ஆஸ்பத்திரிக்கே எடுத்துட்டுப் போங்க, மயக்கம் தெளியுற நேரத்துலதான் அது ரொம்பத் தேவைப்படும்.